கணித ஆசிரியர் இல்லை என்றால் அபிவிருத்திச் சங்கத்தைத் திட்டலாமா?

கனடாவில் இருக்கும் அண்ணனிடமோ மச்சாளிடமோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார் மாற்றலாகிப் போய் ஒரு தவணை முடிந்துவிட்டது, இன்னும் ஆள் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். "ஏன், ஸ்கூல் போர்ட்டுக்குச் சொல்ல வேண்டியதுதானே" என்று பதில் வரும். அவர்கள் இருக்கும் இடத்துக்கு அது சரியான பதில். ஒன்ராறியோவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, நகரசபைத் தேர்தலோடு சேர்த்து, கல்விச் சபை உறுப்பினர்களையும் ஊரவர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும் கல்விப் பணிப்பாளரை வேலைக்கு எடுப்பதும் அந்தச் சபைதான், நம்மவர்களும் அந்தக் கதிரைகளில் இருந்திருக்கிறார்கள். அங்கேயும் அது அசைக்க முடியாத அதிகாரம் என்று நினைக்க வேண்டாம், 2025 இல் மாகாண அரசு டொரொன்டோ கல்விச் சபைக்கு மேற்பார்வையாளர் ஒருவரைப் போட்டுப் பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டது. ஆனாலும் போய்ச் சண்டை பிடிக்க ஒரு முகவரி இருக்கிறது.

இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சியிலோ துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ அப்படி ஒரு முகவரி கிடையாது. ஒரு கல்விச் சபை செய்யும் வேலைகள் இங்கே ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே என்று தெரியாததால் பெற்றோரின் கோபம் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே அமைப்பான, பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மேல்தான் விழுகிறது. அந்தச் சங்கத்தால் முடியாத விடயத்துக்காக அதைத் திட்டுகிறோம், அதனால் முடிகிற விடயங்களில் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் முறைப்பாடு இதுதான், மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் மேலே இருந்து வருவோம். பாடத்திட்டம் மஹரகமையில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் வேலை, 1985 இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது. பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தில் இருந்து வருகிறது. புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை பரீட்சைத் திணைக்களம். இவை மூன்றும் கொழும்புப் பக்கம், இவற்றில் கிராமத்துப் பெற்றோருக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை, விட்டுவிடலாம்.

ஆசிரியர் விடயம்தான் சிக்கலானது. 1987 இல், மாகாண சபைகளுக்கு வழி வைத்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு பாடசாலைகள் இரண்டு வகை. தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு, வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம் போல. மற்றதெல்லாம் மாகாணப் பாடசாலை. வன்னியில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது இந்த இரண்டாவது வகையில். மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் மாகாணத்தின் வேலை, அதற்குக் கீழே வலயக் கல்விப் பணிமனை, அதற்கும் கீழே கோட்டக் கல்வி அலுவலகம். வன்னிக்குள் முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, மன்னார், மடு என்று வலயங்கள் இருக்கின்றன, கிளிநொச்சி முன்பு ஒரே வலயமாக இருந்து இப்போது வடக்கு, தெற்கு என்று இரண்டாகிவிட்டது. கணித வாத்தியாருக்கான கடிதம் போக வேண்டியது வலயத்துக்கு, அங்கே ஆள் இல்லை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு. அதிபர் மேசையில் வைத்து அடித்துப் பேசினாலும் அவரால் ஒரு ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு வர முடியாது. சங்கத்தின் செயலாளரால் அறவே முடியாது.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கல்வி மாகாணத்துக்குப் போனதன் நோக்கமே முடிவெடுப்பவர்கள் மக்கள் தெரிவு செய்தவர்களாக, பக்கத்தில் இருப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது. நடந்தது என்ன? 1988 இல் வடக்கு கிழக்கு மாகாண சபை வந்தது, 1990 இல் கலைந்தது. பிறகு நீண்ட இடைவெளி. 2007 தொடக்கத்தில் வடக்கு தனி மாகாணமானது, 2013 செப்டெம்பர் 21 இல் முதல் தேர்தல், 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். ஆகவே வன்னியில் கல்வி நிர்வாகத்தின் மேல் மாகாண மட்டத்தில் வாக்காளருக்கு ஒரு பிடி இருந்தது என்றால் அது அந்த இரண்டு குறுகிய காலங்களில் மட்டும். பிரதேச சபைக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது, சரி, ஆனால் பாடசாலை பிரதேச சபையின் கையில் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒழுங்கையை அது திருத்தலாம், வகுப்பறைக்குள் அதற்கு வேலை இல்லை.

இப்படிப் பார்த்தால் கொழும்பில் இருந்து வகுப்பறை வரை நீளும் இந்த வரிசையில் ஒரு தாயோ தகப்பனோ கை உயர்த்தி ஆளைத் தெரிவு செய்யக்கூடியதாக இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டம்தான். அதைத்தான் நாங்கள் தேநீரோடு முடித்துவிடுகிறோம்.

பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூர் அதிகாரம் என்பது இங்கே ஒருபோதும் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் எடுக்கும் வரை மிஷன்களும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளும் பாடசாலைகளை நடத்தின, மனேச்சர் என்று ஒருவர் இருந்தார், வாத்தியாரை வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். அதைப் பொற்காலம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெற்றோருக்கு அவரிடமும் வாக்கு இருக்கவில்லை, சாதி பார்த்துப் பிள்ளையைச் சேர்த்த பாடசாலைகளும் அந்தக் காலத்தில்தான் இருந்தன. அரசு எடுத்தபோது அந்த அதிகாரம் ஊரவரிடம் வரவில்லை, நேராகக் கொழும்புக்குப் போனது. 1993 இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென்று 8ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் வந்தது, பெயரில் கல்விச் சபைக்குக் கிட்ட வந்த முயற்சி, நடைமுறையில் நிலைக்கவில்லை. நாட்டில் நிலைத்தது சங்கம்.

வன்னியில் அந்தச் சங்கத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்குப் பிறகு கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் பாடசாலைகள் பிள்ளைகளைக் கொள்ளாமல் வழிந்தன, காலையில் ஒரு பாடசாலை, பின்னேரம் இன்னொரு பாடசாலை என்று ஒரே கட்டடத்தில் நடந்தது. கிடுகுக் கொட்டிலுக்குத் தடி வெட்டியதும், மரத்துக்குக் கீழே வகுப்பு வைக்க இடம் துப்புரவாக்கியதும், அரச சம்பளம் இல்லாத தொண்டர் ஆசிரியருக்கு ஏதோ ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுத்ததும் பெற்றோர்தான். 2009 க்குப் பிறகும் அதே கதை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள் தகரக் கொட்டகையில் வகுப்பு நடந்தது, மீள்குடியேறியபோது கூரையில்லாத கட்டடத்துக்குத் தறப்பாள் கட்டித்தான் பல இடங்களில் முதல் மணி அடித்தது. அதனால் சங்கம் என்றால் உடலுழைப்பு, சிரமதானம், காசு சேர்த்தல் என்ற எண்ணம் இங்கே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அந்தக் காலத்தில் அது தேவை. இன்றைக்கு அதே எண்ணம் ஒரு தடையாகவும் இருக்கிறது, கணக்குக் கேட்பதும் திட்டம் போடுவதும் சங்கத்தின் வேலை என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை, பற்றை வெட்டக் கூப்பிட்டால் வருவார்கள்.

சரி, சங்கத்தில் யார் யார்? படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், அந்தப் பாடசாலையின் ஆசிரியர்கள், அவர்களோடு பழைய மாணவர்களும் நலன்விரும்பிகளும். தலைவர் பதவிக்குத் தேர்தல் இல்லை, அதிபர் பதவி வழியாகவே தலைவர். செயலாளர் வழமையாகப் பெற்றோரில் ஒருவர், பொருளாளர் வழமையாக ஆசிரியரில் ஒருவர், பிறகு நிர்வாகக் குழு. பொதுக்கூட்டத்துக்குக் கோட்டத்திலோ வலயத்திலோ இருந்து ஒருவர் வந்து முன்வரிசையில் இருப்பதும் வழக்கம்.

இதோடு குழம்பிப் போகும் இன்னொரு பெயர் பாடசாலை அபிவிருத்திக் குழு. சங்கம் வேறு, குழு வேறு. 2006 இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியபோது வந்தது குழு. அது சிறியது, அதிபர் தலைமையில் ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் பிரதிநிதிகளும் கல்வி அலுவலகத்தின் ஒருவரும் இருப்பார்கள், பாடசாலையின் ஐந்தாண்டுத் திட்டமும் அந்த ஆண்டுக்கான வேலைத்திட்டமும் அங்கேதான் முடிவாக வேண்டும். எளிதாகச் சொன்னால் சங்கம் என்பது சபை கூடிய கோவில், குழு என்பது அதன் அறங்காவலர். திட்டம் எங்கே எழுதப்படுகிறதோ அங்கேதான் காசு எங்கே போகும் என்பதும் எழுதப்படுகிறது. பல பாடசாலைகளில் அந்தத் திட்டம் அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் இரவிருந்து எழுதி, பெற்றோர் பிரதிநிதி கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைக்கும் ஒரு கோப்பாகத்தான் இருக்கிறது. அதிபரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வலயத்தில் இருந்து "வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள்" என்று தொலைபேசி வந்தால், வயலில் நிற்கும் பெற்றோரை அவர் எங்கே போய்த் தேடுவது?

வயல் என்றதும் நேரம் பற்றிச் சொல்ல வேண்டும், இது சின்ன விடயம் போலத் தெரிந்தாலும் வன்னியில் பாதிப் பிரச்சினை இதுதான். காலபோக நெல் மழையோடு விதைத்து, தை, மாசியில் அறுவடைக்கு வரும். ஆண்டுத் தொடக்கத்தில் பொதுக்கூட்டம் வைத்தால் அருவி வெட்டு, மெசின் ஒரு நாள் பிந்தினாலும் நெல் மழையில் நனையும் பயம். கூலிக்குப் போகிறவருக்குக் கூட்டம் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கரையோரத்தில், கடலுக்குப் போய் வந்த ஆள் காலை ஒன்பது மணிக்கு நித்திரையில் இருப்பார். கூட்டம் மட்டும் எல்லா இடத்திலும் காலை ஒன்பது மணிக்குத்தான், வலயத்தில் இருந்து வருபவருக்கு அதுதான் வசதி. விளைவு, வருவது பெரும்பாலும் அம்மாமார். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் இங்கே நிறைய, மண்டபத்தை நிறைப்பது அவர்கள்தான். ஆனால் தெரிவு தொடங்கியதும் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாலைந்து ஆண்களின் பெயர்கள் முன்மொழியப்படும், வழிமொழியப்படும், கைதட்டலோடு முடியும்.

யார் பேசுகிறார்கள் என்பதும் அப்படித்தான். பட்டணத்துக்குப் பக்கத்துப் பாடசாலையில் கச்சேரி உத்தியோகத்தர், வங்கியில் வேலை செய்பவர், கடை முதலாளி, இவர்கள் பேசுவார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் ஊர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எத்தனையோ இருக்கின்றன, அந்தப் பிள்ளைகள் அதே பாடசாலையில்தான் படிக்கிறார்கள், நிர்வாகக் குழுவின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த ஊர்களின் பெயர் அரிதாகத்தான் இருக்கும். இதற்கு அமைச்சின் சுற்றுநிருபம் காரணம் இல்லை, நாங்கள்தான் காரணம்.

இனிக் காசு. சங்கத்தின் உண்மையான பலம் இங்கேதான். சங்கத்துக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கு உண்டு, உறுப்பினர் சந்தா, நன்கொடை, நிகழ்ச்சிகளில் வரும் பணம் எல்லாம் அதற்குள் வர வேண்டும், வெளியே எடுக்கக் கூட்டுக் கையொப்பம் வேண்டும், ஆண்டு முடிவில் கணக்கறிக்கை பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். சின்னக் கட்டட வேலைகளை, மலசலகூடம் திருத்துவது, வகுப்பறைக்குத் தடுப்புச் சுவர், யானை உடைத்த வேலியை மறுபடி அடைப்பது போன்றவற்றை, ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் சங்கமே பொறுப்பேற்றுச் செய்யவும் வழி இருக்கிறது, மீள்குடியேற்ற காலத்தில் நிறையப் பாடசாலைகளில் அப்படித்தான் வேலை நடந்தது. ஊர் மேசன், ஊர்க் கூலி, மிச்சம் வரும் சீமெந்து பாடசாலையிலேயே கிடக்கும். செயலாளர் விபரம் தெரிந்தவராக இருந்தால் அதே காசில் இரட்டிப்பு வேலை நடக்கும். விபரம் இல்லாதவராக இருந்தால் வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார், அதுவும் நடக்கிறது.

சங்கத்தின் ஆள் இருக்கும் இன்னொரு இடம் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேர்முகத் தேர்வுச் சபை. போட்டி இல்லாத கிராமத்துப் பாடசாலையில் இதற்குப் பெறுமதி இல்லை. வவுனியா நகரத்தில், கிளிநொச்சி நகரத்தில் உண்டு, அங்கே சங்கப் பதவிக்கு ஆட்கள் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று யாராவது கேட்டால் நான் மறுக்கப் போவதில்லை. ஆரம்பப் பிரிவின் பாடசாலை உணவையும் சங்கம் கவனிக்கலாம், சமைப்பவர் பெரும்பாலும் அதே பாடசாலையின் தாய் ஒருவர், பணம் மேலே இருந்து பிந்தி வரும்போது கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்பதும் அவர்தான், அந்தச் சுமையைச் சங்கம் தன் சுமையாக எடுத்த இடங்களில் சாப்பாடு தடைப்படுவது குறைவு.

அப்புறம் பழைய மாணவர் சங்கம். லண்டன் கிளை, கனடாக் கிளை, பிரான்ஸ் கிளை என்று வன்னியின் பெரிய பாடசாலைகளுக்குக் கிளைகள் உண்டு, அவர்களின் காசு வராமல் இருந்திருந்தால் சில பாடசாலைகளில் இன்றைக்கும் மண்டபம் இருக்காது. நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறோம். ஆனால் அந்தப் பணம் பல நேரம் அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கைத் தொடாமல் வாட்சப் குழுவில் முடிவாகி, ஒரு நண்பரின் கணக்குக்கு வந்து, நேரே வேலையாகிறது. பாடசாலையின் ஐந்தாண்டுத் திட்டத்தில் முதலில் இருப்பது குடிநீர் என்றால், வந்து இறங்குவது நுழைவாயில் வளைவும் பெயர்க்கல்லும். குழாய்க்கிணற்றுக்குப் பெயர்க்கல் வைத்தால் ஆரும் படம் எடுக்க மாட்டார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இங்கே உள்ள சங்கம் தன் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, "எங்களுக்கு வேண்டியது இந்த வரிசையில் இவை" என்று அனுப்பி வைப்பதில்லை. கொடுப்பவர் தன் நினைவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொடுக்கிறார், இன்றைக்கு இருக்கும் பள்ளிக்கூடத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை.

வசதியில்லாத பெற்றோரிடம் காசு கேட்பது பற்றியும் ஒரு சொல். இலவசக் கல்வி 1945 இல் வந்த நாடு இது. விளையாட்டுப் போட்டிக்கு, வாணி விழாவுக்கு, போட்டோக்கொப்பிக்கு, மாறிப் போகும் ஆசிரியருக்குப் பிரியாவிடைக்கு என்று வரும் சின்னச் சின்னத் தொகைகள் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் சின்னத் தொகை இல்லை. பிள்ளையிடம் நேரடியாகக் காசு வாங்குவதை அமைச்சு சுற்றுநிருபங்களால் கட்டுப்படுத்தியிருக்கிறது. எந்தத் தொகையும் கூட்டத்தில் தீர்மானமாகி, பற்றுச்சீட்டோடு சங்கக் கணக்குக்குப் போனதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் இருக்கிறது, அது கற்பனைப் பயமும் இல்லை. அதனால் தனியாகக் கேட்காமல் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து கேட்பது நல்லது. அதுவும் சரிவராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது, பாடசாலைக் கணக்குப் பற்றி வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்தில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

மறுபடி கணித வாத்தியாருக்கு வருவோம். சங்கத்தால் ஆளைக் கொண்டுவர முடியாது என்றேன், கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து பின்னேரம் திரும்பும் ஆசிரியர்கள் வன்னியில் ஏராளம், கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் மாற்றம் கேட்டுப் போவார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடகைக்கு ஒரு பாதுகாப்பான அறை, பஸ் தரிப்பில் இருந்து பாடசாலைக்கு வர ஒரு ஏற்பாடு, இவற்றைச் சங்கம் செய்த கிராமங்களில் ஆசிரியர் இன்னொரு ஆண்டு நிற்பதைப் பார்க்கலாம். வெற்றிடம் பற்றிய கடிதம் "ஆசிரியர் இல்லை, ஆவன செய்யவும்" என்று போவதை விட, எந்தத் தரம், எத்தனை பிள்ளைகள், எந்தத் திகதியில் இருந்து வெற்றிடம், முன்பு எழுதிய கடிதங்களின் திகதி என்ன என்று, கூட்டத் தீர்மானத்தின் பிரதியோடு வலயத்துக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் ஒரே நாளில் போனால் அதைக் கோப்பில் போட்டு மூடுவது கொஞ்சம் கடினம். இடமாற்றப் பட்டியல் தயாராகும் காலத்துக்கு முன்பு அது போய்ச் சேர வேண்டும், பட்டியல் வந்த பிறகு கேற்றைப் பூட்டி மறியல் செய்தால் செய்தி வரும், பல நேரம் பக்கத்துப் பாடசாலையின் ஆசிரியரைத்தான் பிடுங்கிக் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல், இதைச் சின்னப் பாடசாலைகள் நன்றாக அறியும். ஐந்தாம் தரம் வரை மட்டும் உள்ள பாடசாலையில் ஒரு பிள்ளையின் பெற்றோர் ஐந்து ஆண்டுதான் உறுப்பினர். சங்கம் எப்படி நடக்கிறது, வலயத்தில் எந்த மேசையில் எது நடக்கும் என்று ஒரு செயலாளர் விளங்கிக்கொள்ளவே இரண்டு ஆண்டு போய்விடும், மூன்றாவது ஆண்டு நன்றாகச் செய்வார், பிறகு பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போய்விடும். இதற்கிடையில் அதிபரும் மாறியிருப்பார். புதிய இருவருக்கும் கையில் இருப்பது கூட்ட அறிக்கைப் புத்தகமும் காசுப் புத்தகமும் மட்டும், அவற்றில் "கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லாவிட்டால் எல்லாம் முதலில் இருந்து. ஆகவே புதிய செயலாளர் பொறுப்பெடுக்கும் நாளில் பழையவரிடம் வாங்க வேண்டியவை: வங்கி மீதியும் அதற்கான கூற்றும், கொடுக்க வேண்டிய கடன்கள், பாடசாலைக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்ற பொருள் பட்டியல், பதில் வராத கடிதங்களின் பிரதிகள், பாதியில் நிற்கும் வேலைகளின் மதிப்பீடு. கையெழுத்து வைப்பதற்கு முன்பு பொருள் பட்டியலோடு ஒரு சுற்று நடந்து பார்ப்பதும் நல்லது, நன்கொடையாக வந்த மடிக்கணினிகள் பட்டியலில் மட்டும் இருக்கும் பாடசாலைகளும் இருக்கின்றன.